புது லேப்டாப்ல டர்போ சி++ ஏன் நேரடியா ஓட மாட்டேங்குது?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ரெண்டை தனியா எடுத்து வச்சிருந்தேன். ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் வேற வேற பக்கத்துல இருந்து கேக்குது. முதல் கேள்வி, இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டது: "அண்ணா, என் லேப்டாப்ல 16 ஜிபி ரேம் இருக்கு. புது கேம் எல்லாம் நல்லா ஓடுது. ஆனா லேப்ல சொல்லிக் கொடுக்குற டர்போ சி++ மட்டும் திறக்க மாட்டேங்குது. டாஸ்பாக்ஸ் போட்டு அதுக்குள்ள ஓட்டுன்னு சொல்றாங்க. சில எம்பி சைஸ்ல இருக்குற ஒரு சாஃப்ட்வேருக்கு என் மெஷின் பத்தலயா?"

மெஷின் தாராளமா பத்தும். டர்போ சி++ தேடுற ஊர்தான் அங்க இல்ல.

எந்த ப்ரோகிராமும் தன்னந்தனியா ஓடுறதில்ல. கீழ இருக்குற மெஷினைப் பத்தி, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பத்தி நூத்துக்கணக்கான விஷயங்களை நம்பிக்கிட்டுதான் ஓடும். அதுல பாதியை எழுதினவங்களே யோசிச்சிருக்க மாட்டாங்க. ஊர்ல பழைய ஆளுங்க வழி சொல்றதைக் கேட்டிருப்பீங்க: "புளியமரம் தாண்டி மூணாவது வீடு." மரம் இருக்கிற வரைக்கும் அது பக்காவான அட்ரஸ். ரோட்டை அகலப்படுத்தறோம்னு மரத்தை வெட்டிட்டா, வீடு அங்கயேதான் இருக்கும், ஆனா வழி செத்துப்போச்சு.

டர்போ சி++ முதல் பதிப்பு 1990-ல வந்தது. போர்லாண்ட் கம்பெனியோட தயாரிப்பு. அது நம்புற புளியமரங்களைப் பாருங்க. ஸ்கிரீன்ல எழுத்து காட்டணும்னா, மெமரில பி8000-ங்கிற ஒரு குறிப்பிட்ட முகவரில எழுதினா போதும், மானிட்டர்ல வந்துடும். ஃபைல் திறக்கணும்னா டாஸை ஒரு இன்டரப்ட் போட்டுக் கூப்பிட்டா அது செஞ்சு கொடுக்கும். மெமரி மொத்தம் 1 எம்பி, அதுல ப்ரோகிராம்களுக்கு 640 கேபி. முக்கியமா, கம்ப்யூட்டர்ல அந்த நேரத்துல நான் ஒருத்தன்தான் ஓடுறேன், எல்லா ஹார்டுவேரும் என்னோடது. டாஸ் காலத்துல இது அத்தனையும் உண்மை. இன்னைக்கு நம்ம லேப்டாப்ல எந்த ப்ரோகிராமாவது நேரா வீடியோ மெமரில போய் எழுதப் பார்த்தா, விண்டோஸ் அதைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும். தள்ளணும். இல்லன்னா ஒரு ப்ரோகிராம் தப்பு பண்ணினா மொத்த மெஷினும் படுத்துடும்.

இப்ப ஒரு நியாயமான சந்தேகம் வரும். விண்டோஸ் எக்ஸ்பிலயும் இந்தக் கட்டுப்பாடு எல்லாம் இருந்துச்சே, அதுல மட்டும் டர்போ சி எப்படி டபுள் கிளிக் பண்ணினா திறந்துச்சு?

அதுக்குக் காரணம் ஆபரேட்டிங் சிஸ்டத்துல பாதி, ப்ராசஸர்ல பாதி. 1985-ல இன்டெல் 386 ப்ராசஸரைக் கொண்டு வந்தப்ப, அதுக்குள்ளயே விர்ச்சுவல் 8086-னு ஒரு மோட் வச்சாங்க. பழைய 16-பிட் ப்ரோகிராமை ஒரு அறைல உட்கார வச்சு, "இதுதாம்பா பழைய 8086 மெஷின், நீதான் ராஜா"ன்னு நம்ப வைக்கிற மோட். அது எல்லை தாண்டிக் கையை நீட்டுற ஒவ்வொரு தடவையும் ப்ராசஸர் நிறுத்தி ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடும். எக்ஸ்பி இந்த மோடை வச்சுதான் டாஸ் ப்ரோகிராம்களை ஓட்டுச்சு.

2003-ல ஏஎம்டி தன்னோட 64-பிட் ப்ராசஸரைக் கொண்டு வந்துச்சு. அந்த வடிவமைப்பைத்தான் பின்னால இன்டெலும் ஏத்துக்கிச்சு. அதுல 64-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும்போது இந்த விர்ச்சுவல் 8086 மோட் கிடையாது. எடுத்துட்டாங்க. 64-பிட் விண்டோஸும் அதோட 16-பிட் ப்ரோகிராம்களைக் கைகழுவிடுச்சு. அதனாலதான் லேப்ல ஒரு ஓரத்துல கிடக்குற, 2 ஜிபி ரேம் வச்ச, 32-பிட் விண்டோஸ் போட்ட பழைய டப்பால டர்போ சி++ திறக்குது, உங்க புது லேப்டாப்ல திறக்கல. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு லேப் சார் சொல்றது பொய் இல்ல. விண்டோஸ் 11-ல 32-பிட் பதிப்பே கிடையாது, அதனால அந்தக் கதவும் மூடியாச்சு.

[சிரிப்பு] ஒரு வேடிக்கை: இதே லேப்டாப் ப்ராசஸர், பவர் பட்டனை அழுத்தின முதல் நொடில 16-பிட் மோட்லதான் கண் முழிக்கும். அப்புறம்தான் படிப்படியா 64-பிட்டுக்கு ஏறும். பழசைப் பேசத் தெரியும், ஆனா ஆளுங்க முன்னாடி பேசாது.

சரி, டாஸ்பாக்ஸ் என்ன பண்ணுது? அது ப்ராசஸர்கிட்ட உதவி கேக்கிறதே இல்ல. 2002-ல பழைய கேம்களை ஓட்டுறதுக்காக வந்த ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அது. ஒரு முழு கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேர்ல நடிச்சுக் காட்டும். ப்ராசஸர், விஜிஏ கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, கீபோர்டு, டாஸ், எல்லாமே வேஷம். டர்போ சி++ அந்த பி8000 முகவரில ஒரு எழுத்தைப் போட்டா, டாஸ்பாக்ஸ் அதைத் தன்னோட சொந்த நோட்டுல குறிச்சுக்கிட்டு, விண்டோஸ்கிட்ட முறையா அனுமதி வாங்கி ஜன்னலுக்குள்ள வரையும். மவுண்ட் கமாண்ட் கொடுத்து ஒரு ஃபோல்டரைக் காட்டுறீங்கல்ல, அதை சி டிரைவ்னு அது நம்புது. இப்படி எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே பண்றதாலதான், இன்டெல் சிப்பே இல்லாத எம்1, எம்2 மேக்புக்லயும் டாஸ்பாக்ஸ் ஓடுது.

இந்த வேஷம் கலையுற ஒரு இடம் இருக்கு, லேப்ல நிறைய பேர் மாட்டியிருப்பீங்க. டர்போ சி++-ல ப்ரோகிராமை ரன் பண்ண கண்ட்ரோல் எஃப்9. டாஸ்பாக்ஸ்ல கண்ட்ரோல் எஃப்9-னா டாஸ்பாக்ஸையே மூடு. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மேட்ரிக்ஸ் மல்டிப்ளிகேஷன் அடிச்சு, ஆர்வமா ரன் பண்ணினா, ஜன்னலே காணோம். சேவ் பண்ணலன்னா கதை முடிஞ்சது. நெட்ல "விண்டோஸ் 10-க்கான டர்போ சி++"னு சுத்துற பாக்கேஜ்கள் டாஸ்பாக்ஸை உள்ள ஒளிச்சு வச்சு, இந்த மாதிரி கீகளை மாத்தி அமைச்சவைதான். நீங்களே போட்டிருந்தா மெனுல போய் ரன் பண்ணுங்க, இல்ல டாஸ்பாக்ஸோட கீமேப்பரை மாத்துங்க.

டாஸ்பாக்ஸ்ல இன்னொரு விஷயம் கவனிச்சிருப்பீங்க: கண்ட்ரோல் எஃப்11 அழுத்தினா மெதுவாகும், கண்ட்ரோல் எஃப்12 அழுத்தினா வேகமாகும். வேணும்னே மெதுவாக்கிறதுக்கு எதுக்கு ஒரு வசதி? வேகம் கூட ஒரு புளியமரம்தான். முதல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுச்சு. அந்தக் காலத்து கேம் எழுதினவங்க நிறைய பேர் கடிகாரத்தைப் பார்க்கல, சும்மா ஒரு லூப்பை இத்தனை தடவை சுத்த விட்டு நேரத்தைக் கடத்தினாங்க. வேகமான மெஷின்ல போட்டா எதிரி வர்றதுக்குள்ள நீங்க செத்துடுவீங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ், டர்போ சிக்கு அண்ணன் டர்போ பாஸ்கல்ல நடந்தது. அதோட ஒரு லைப்ரரி, ப்ரோகிராம் ஆரம்பிக்கும்போதே மெஷின் எவ்வளவு வேகம்னு அளந்து பார்க்கும். எப்படி? 55 மில்லிசெகண்டுக்குள்ள ஒரு லூப் எத்தனை தடவை சுத்துதுன்னு எண்ணி, அதை 55-ஆல வகுக்கும். விடையை 16 பிட்டுக்குள்ள வைக்கும், அதாவது அதிகபட்சம் 65,535. இதை எழுதினப்ப அந்த எண்ணைத் தொடுற மெஷின் கனவுல கூட இல்ல. பென்டியம் 2 காலத்துல, 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினதும், விடை பெட்டிக்குள்ள அடங்கல. அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிட்டிருந்த ப்ரோகிராம்கள் ஒரு வரி கூட ஓடாம "ரன்டைம் எரர் 200"னு நின்னுச்சு. பூஜ்யத்தால வகுத்துட்டேங்கிறதுதான் அந்த எரருக்கு அர்த்தம். யாரும் பூஜ்யத்தால வகுக்கல. மெஷின் வேகமாயிடுச்சு, அவ்வளவுதான் குற்றம்.

விண்டோஸும் தன் பங்குக்கு சின்னச் சின்ன பொய் சொல்லும். ஒரு ப்ரோகிராம் மேல ரைட் கிளிக் பண்ணி கம்பாட்டிபிலிட்டி மோட் போடுறோம்ல, அதுல நடக்கிற முக்கியமான ஒரு வேலை இது: ப்ரோகிராம் "நீ எந்த விண்டோஸ்?"னு கேட்டா "எக்ஸ்பி"ன்னு பதில் சொல்லும். இந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானதுன்னா, விண்டோஸ் 7 தன்னோட உள் எண்ணை 7-னு வச்சுக்கல, 6.1-னு வச்சுக்கிச்சு. விஸ்டா 6.0. முதல் எண்ணைப் பார்த்துப் பயந்து ப்ரோகிராம்கள் நின்னுடக் கூடாதுன்னுதான். விண்டோஸ் 11 இன்னைக்கும் உள்ளுக்குள்ள 10.0-தான்.

சிம்சிட்டி கதை இன்னும் மேல. பழைய விண்டோஸ்ல அந்த கேம், ஒரு மெமரியை "எனக்கு வேணாம்"னு திருப்பிக் கொடுத்துட்டு, அடுத்த நிமிஷமே அதுல இருந்தே படிக்கும். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவர், சாவி இருக்கேன்னு திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறக்கிற மாதிரி. பழைய விண்டோஸ்ல அந்த வீட்டுக்கு உடனே வேற ஆள் வரமாட்டாங்க, அதனால பிரச்சினை இல்ல. விண்டோஸ் 95-ல வருவாங்க. ஜோயல் ஸ்போல்ஸ்கி இதைப் பத்தி எழுதியிருக்கார்: மைக்ரோசாஃப்ட் ஆளுங்க இதைக் கண்டுபிடிச்சு, ஓடுறது சிம்சிட்டியான்னு பார்த்து, ஆமான்னா மெமரியை உடனே அடுத்தவனுக்குக் கொடுக்காம வச்சிருக்கிற மாதிரி விண்டோஸ் 95-லயே ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. தப்பு கேம் மேல, சரி பண்ணினது விண்டோஸ். ஏன்னா கடைல புது விண்டோஸ் வாங்கிப் போட்டு சிம்சிட்டி நின்னா, ஜனங்க விண்டோஸைத்தான் திட்டுவாங்க. ஆப்பிள் இந்தத் தாட்சண்யம் எல்லாம் பார்க்காது. 2019-ல கேட்டலினா வந்தப்ப 32-பிட் ஆப் அத்தனையும் ஒரே ராத்திரில நின்னுச்சு.

சில சமயம் யாரும் வேணும்னே காப்பாத்தாம, தற்செயலா ஒரு ப்ரோகிராம் பிழைச்சுக்கிட்டு இருக்கும். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாடாத ஆள் இந்த பாட்காஸ்ட் கேக்குறதுல எத்தனை பேர் இருப்பீங்க? அதுல தண்ணில இறங்குற ஸ்கிம்மர்னு ஒரு விமானம். 2024-ல விண்டோஸ் 11-ஓட 24ஹெச்2 அப்டேட் வந்ததும் அந்த விமானம் மட்டும் கேம்ல காணாமப் போச்சு. சைலன்ட்ங்கிற பேர்ல இருக்குற ஒரு மாடர் இதைத் தோண்டி எடுத்து எழுதினார். வண்டிகளோட விவரம் இருக்குற ஃபைல்ல, ஸ்கிம்மர் வரில மட்டும் கடைசில சக்கர அளவு விட்டுப் போயிருக்கு. கேம் அதைப் படிக்கும்போது, அந்த இடத்துல முந்தின வண்டியோட சக்கர அளவு மெமரில மிச்சமா கிடக்கும், அதையே எடுத்துக்கும். கிட்டத்தட்ட 20 வருஷம் எந்த விண்டோஸும் அந்த மிச்சத்தைத் துடைக்கல. 24ஹெச்2-ல விண்டோஸோட ஒரு உள் ஃபங்ஷன் மாறினதும், அது கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கிட்டு அந்த மிச்சத்து மேல எழுதிடுச்சு. ஸ்கிம்மருக்கு அர்த்தமே இல்லாத ஒரு அளவு கிடைச்சுது. புது அப்டேட் கேமைக் கெடுத்துச்சுன்னு நாம சொல்வோம். கேம் வெளிவந்த நாள்ல இருந்தே கெட்டுதான் இருந்துச்சு.

இப்ப டர்போ சி++-க்குத் திரும்புவோம், எனக்கு ஒரு கோபம் பாக்கி இருக்கு. டாஸ்பாக்ஸ் ஒரு அற்புதமான சாஃப்ட்வேர், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஒரு பழைய கேமை உயிரோட வைக்கிறதுக்கு அந்த வேஷம் போடுறது அழகு. ஆனா 18 வயசுல முதல் தடவையா கோடு எழுத வர்ற பசங்களை அந்த வேஷத்துக்குள்ள உட்கார வச்சு, "இதுதான் சி++"ன்னு சொல்றது வேற. சி++-க்கு முதல் ஐஎஸ்ஓ தரம் வந்ததே 1998-ல. டர்போ சி++ அதுக்கு முன்னாடி எழுதினது. அதுல நேம்ஸ்பேஸ் கிடையாது, வெக்டர் கிடையாது, பூல்னு ஒரு டைப் கூட கிடையாது. நீங்க ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்னு எழுதப் பழகுறீங்க, வாய்ட் மெயின் போடப் பழகுறீங்க, கடைசில கெட்சிஹெச் போடாட்டி கை அரிக்குது. மூணாவது வருஷம் பிளேஸ்மென்ட்டுக்கு ஆன்லைன் டெஸ்ட்ல உட்கார்ந்து அதையே அடிச்சா, அங்க இருக்குற ஜிசிசி கம்பைலர் முதல் வரிலயே அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு சொல்லிடும். ஒரு மணி நேர டெஸ்ட்ல, லாஜிக் சரியாத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இருபது நிமிஷத்தை இதுலயே தொலைக்கிறதை நினைச்சுப் பாருங்க. கிராமத்துல இருந்து வந்து, காலேஜ் லேப் தவிர வேற எங்கயும் கோடு எழுதாத பசங்களுக்குத்தான் இது அதிகமா வலிக்கும். வீட்ல நெட்டும் லேப்டாப்பும் இருக்குறவங்க யூடியூப் பார்த்து எப்படியோ சரி பண்ணிக்கிறாங்க.

இன்னும் மோசமானது, சத்தமில்லாம வர்ற தப்பு. டர்போ சி++-ல இன்ட்ங்கிறது 2 பைட், 32,767-க்கு மேல போகாது. ஃபேக்டோரியல் ப்ரோகிராம் எழுதி 7 கொடுங்க, 5040 வரும், சரி. 8 கொடுங்க. விடை 40,320 வரணும். மைனஸ் 25,216 வரும். எரர் இல்ல, வார்னிங் இல்ல. இதே கோடை ஜிசிசில போட்டா அங்க இன்ட் 4 பைட், 12 ஃபேக்டோரியல் வரைக்கும் சரியா வரும், 13-ல உடையும். இந்த வித்தியாசத்தை வச்சு ஒரு நல்ல வாத்தியார் ஒரு முழு கிளாஸ் எடுக்கலாம். ரெக்கார்டு நோட்டுல அவுட்புட் எழுதி கையெழுத்து வாங்குற அவசரத்துல யாருக்கு நேரம் இருக்கு?

நியாயமா ஒண்ணு சொல்லணும். டர்போ சி++ ஒரு நொடில திறக்கும், எஃப்9-ல கம்பைல் ஆகும், கிராஃபிக்ஸ் டாட் ஹெச் போட்டு நாலே வரில ஒரு வட்டம் வரையலாம். ஆரம்பிக்கிறவங்களுக்கு அந்தச் சந்தோஷம் பெரிசு. விஎஸ் கோடு போட்டு, கம்பைலர் போட்டு, பாத் செட் பண்றதுக்குள்ள ஒரு லேப் பீரியடே போயிடும்னு ஒரு மேடம் சொன்னா அதுல உண்மை இருக்கு. ஆனா கோடுபிளாக்ஸை கம்பைலரோட சேர்த்தே இன்ஸ்டால் பண்ணலாம். அதே கிராஃபிக்ஸ் டாட் ஹெச் வேணும்னா வின்பிஜிஐ-ன்னு விண்டோஸ்ல ஓடுற மாற்று இருக்கு. அதனால அந்தத் தங்கச்சிக்கு நான் சொல்றது: எக்ஸாமுக்கு டாஸ்பாக்ஸ் வச்சுக்கோங்க, சண்டை போட வேணாம். வீட்ல அதே ப்ரோகிராமை ஜிசிசிலயும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எங்கெல்லாம் உடையுதோ, அங்கெல்லாம் நீங்க எதை நம்பிக்கிட்டு எழுதினீங்கன்னு தெரியும்.

ரெண்டாவது வாய்ஸ் நோட், அப்பா டிடிபி சென்டர் நடத்தின ஒருத்தர்கிட்ட இருந்து. கடையை மூடியாச்சு, ஆனா பேஜ்மேக்கர்ல பண்ணின ஊர்த் திருவிழா மலர்கள், ஒரு உள்ளூர் எழுத்தாளரோட புத்தகங்கள் எல்லாம் சிடில இருக்கு. எழுத்தாளர் குடும்பம் மறுபதிப்பு போடக் கேக்குறாங்க. எப்படித் திறக்கிறது?

பேஜ்மேக்கரோட கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-ல. அது 32-பிட், அதனால டர்போ சி++ அளவுக்குச் சிக்கல் இல்ல. ஆனாலும் புது விண்டோஸோட மல்லுக்கட்டுறதை விட, விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒண்ணுல எக்ஸ்பி போட்டு, அதுக்குள்ள பேஜ்மேக்கர் போடுறது நிம்மதி. டாஸ்பாக்ஸ் மாதிரி இது ப்ராசஸரை நடிக்காது, உங்க நிஜ ப்ராசஸரையே ஒரு பங்கு கொடுக்கும், அதனால வேகமா இருக்கும். ஒரே கண்டிஷன்: அந்த எக்ஸ்பிக்கு நெட் கனெக்‌ஷன் கொடுக்காதீங்க. 2014 ஏப்ரலோட அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு. மேக்புக் எம் சீரிஸ் வச்சிருந்தா இந்த வழி நேரா வேலை செய்யாது, அங்க யூடிஎம் மாதிரி எமுலேட்டர் வேணும், மெதுவாத்தான் இருக்கும். பழைய இன்டிசைன் சிஎஸ்6 யார்கிட்டயாவது இருந்தா அதுவே பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களைத் திறக்கும். அதுக்கப்புறம் வந்த இன்டிசைன் திறக்காது.

ஆனா திறந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. அந்தக் காலத்துல பாமினி மாதிரி ஃபான்ட்ல தமிழ் அடிச்சாங்க. அந்த ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது. "அம்மா"ன்னு திரைல தெரியுறது, உள்ள எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு அஞ்சு ஆங்கில எழுத்தாத்தான் இருக்கு. எம்முக்கு "அ"வோட படத்தை அந்த ஃபான்ட் காட்டுது, அவ்வளவுதான். ஃபான்ட் தொலைஞ்சா தமிழும் தொலைஞ்சது. பிடிஎஃப் எடுத்தா பார்க்க நல்லா இருக்கும், ஆனா அதுல இருந்து காப்பி பண்ணினா அதே ஆங்கிலக் குப்பை வரும், தேடினா ஒண்ணும் கிடைக்காது. இதை யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர்கள் நெட்ல இலவசமா இருக்கு. எந்த ஃபான்ட்ல எந்த எழுத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சா மட்டும்தான் அது மாத்தும். பாமினிக்கு ஒரு வரிசை, திஸ்கிக்கு வேற, டாம், டாபுக்கு வேற.

அதனால வரிசை இதுதான். முதல்ல சிடி எல்லாத்தையும் இன்னைக்கே ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, வீட்ல எழுதின சிடி தானா கெட்டுப்போகும். அப்புறம் அப்பாவோட பழைய சிபியு இன்னும் இருந்தா, அதோட ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசா எடுத்து வைங்க. பழைய இரும்புக்காரருக்குப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன். 6.5-ல பண்ணினது பி65-னு முடியும், 7-ல பண்ணினது பிஎம்டி-ன்னு முடியும், ரெண்டையும் விட்டுடாதீங்க. பேஜ்மேக்கர்ல திறந்து, ஒவ்வொரு கட்டுரையா டெக்ஸ்ட்டா எக்ஸ்போர்ட் பண்ணி, யூனிகோடுக்கு மாத்துங்க. மாத்தினதை அச்சுப் புத்தகத்தோட ஒப்பிட்டுப் படிக்க அப்பாவையே உட்கார வைங்க, எந்த ஃபான்ட்ல எந்த எழுத்துக்கு எந்தக் கீன்னு அவர் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

இந்த வேலையை யாராவது ஏற்கனவே பண்ணியிருந்தா, எந்த ஃபான்ட்ல மாட்டினீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.